மலைநாட்டு வீடும் சலவை இயந்திரத்தின் ஹோஸும்

நாவலப்பிட்டி மழைக்குப் பெயர் பெற்ற ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 அடி உயரத்தில், மகாவலி கங்கையின் கரையிலே, தேயிலை மலைகளின் நடுவே அது அமைந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் அங்கே நாட்கணக்கில் வெயிலைக் காண்பது அரிது. அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெய்கிறது. இலங்கையில் மிகுந்த மழையைப் பெறும் இடங்களுள் அது ஒன்று. இத்தகைய ஊரிலே துணியைத் துவைப்பதைக் காட்டிலும் உலர்த்துவதே பெரிய வேலை. கொடியிலே போட்ட பள்ளிச் சீருடை மூன்று நாளாகியும் காயாது. காய்ந்தாலும் பூஞ்சண மணம் போகாது. ஆற்றங்கரைக் கல்லிலும் பீலியடியிலும் துவைத்துப் பழகிய குடும்பங்கள், துணியைச் சுழற்றிப் பிழிந்து தரும் சலவை இயந்திரத்தை நாடியதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மழைநாட்டில் அது ஒரு தேவையாகவே ஆகிவிட்டது.

இயந்திரம் வாங்கப் போகும் குடும்பம் பலவற்றையும் ஆராய்கிறது. எத்தனை கிலோ துணி கொள்ளும், எவ்வளவு மின்சாரம் இழுக்கும், உத்தரவாதம் எத்தனை ஆண்டு, தவணைப் பணம் எவ்வளவு என்றெல்லாம் கடைக்காரரைக் கேட்டுத் துளைத்துவிடுகிறது. ஆனால் சுவரிலுள்ள பைப்பிலிருந்து இயந்திரத்துக்குத் தண்ணீரைக் கொண்டு செல்லும் வளைகுழாய், அதாவது கடையிலே ஹோஸ் என்று வழங்கும் பொருள், யாருடைய கண்ணிலும் படுவதில்லை. பெட்டியின் அடியிலே சுருண்டு கிடக்கும் அதை இயந்திரத்தைப் பொருத்த வந்தவர் எடுத்து மாட்டிவிட்டுப் போகிறார். பிறகு இயந்திரம் சுவரோடு தள்ளப்படுகிறது, ஹோஸ் மறைந்துவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து, தரையெல்லாம் தண்ணீராக நிற்கும் ஒரு காலையிலேதான் அப்படி ஒரு பொருள் அங்கே இருந்தது வீட்டாரின் நினைவுக்கு வருகிறது.

இந்த அலட்சியத்துக்குக் காரணம் ஒரு தவறான எண்ணம். இயந்திரம் ஓடும்போது மாத்திரமே ஹோஸிலே தண்ணீர் இருக்கிறது என்று பெரும்பாலோர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. தண்ணீரை உள்ளே விடவும் நிறுத்தவும் செய்கின்ற மின் வால்வு இயந்திரத்தின் உடலுக்குள்ளே, ஹோஸின் கடைசி முனைக்கு அப்பால் இருக்கிறது. சுவரிலுள்ள பைப் திறந்தே இருக்குமாயின், அந்த வால்வு வரையிலும் நீர் முழு அமுக்கத்தோடு நின்றுகொண்டிருக்கும். இயந்திரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் வேலை செய்தால், எஞ்சிய 23 மணித்தியாலமும் அந்த அமுக்கத்தைத் தாங்கி நிற்பது ஹோஸ்தான். வீட்டார் உறங்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. அவர்கள் திருவிழாவுக்கு ஊர் சென்றிருக்கும் நாட்களிலும் ஓய்வில்லை. சுவருக்குள்ளே பதிந்த குழாய் சீமெந்தின் துணையோடு நிற்கிறது. ஹோஸோ எவ்விதத் துணையுமின்றி, வளைந்து, அதிர்ந்து, அந்தரத்திலே நிற்கிறது. ஒரு வீட்டின் நீர்வழியில் மிகவும் மெலிந்த கண்ணி அதுவே எனலாம்.

அக்கண்ணி அறுந்தால் விளைவது யாது? சிறிது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளந்த ஹோஸிலிருந்து நிமிடத்துக்கு 15 லீற்றர் நீர் வெளியேறுகிறது என்று கொண்டால், மணித்தியாலத்துக்கு 900 லீற்றர் ஆகிறது. இரவு பத்து மணிக்குப் பிளந்து காலை ஆறு மணிக்குக் கண்டுபிடித்தால் 7,200 லீற்றர். ஆயிரம் லீற்றர் கொள்ளும் தண்ணீர்த் தாங்கிகள் ஏழை வீட்டுக்குள் கவிழ்த்ததற்கு இது ஒப்பாகும். நீர்மானி அத்தனையையும் எண்ணிவிடும். அரிசி மூட்டை, பாய், பிள்ளைகளின் புத்தகம் ஆகியவை நனையும். மேல்மாடியில் இயந்திரம் இருந்தால் கீழ் வீட்டின் கூரைப் பலகையும் பழுதாகும். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் லயன் வீடுகளிலே ஒரு வீட்டின் வெள்ளம் அடுத்த வீட்டுக்கும் செல்லும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்துகள் இரண்டு உண்டு. முதலாவது மின்சாரம். நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று, 230 வோல்ற்று மின் ஓடும் இயந்திரத்தைத் தொடுவது உயிரோடு விளையாடுவதாகும். இரண்டாவது ஆபத்து மலைநாட்டுக்கே உரியது. நாவலப்பிட்டியிலும் அதைச் சூழ்ந்த பஸ்பாகே கோறளையிலும் பல வீடுகள் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய சிறு தட்டுகளிலே நிற்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கடும் மழைக்காலங்களில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. அத்தகைய சரிவுக்குள்ளே வீட்டுக் கழிவுநீரும் கசிவுநீரும் ஓயாமல் இறங்குவது மண்ணின் பிடிப்பைத் தளர்த்தும். மழையைத் தடுக்க எவராலும் இயலாது. வீட்டிலிருந்து கசியும் நீரைத் தடுக்க இயலும்.

இனி, நல்ல ஹோஸ் எது என்ற கேள்விக்கு வருவோருக்கு, அந்தக் கேள்வியின் விடை கடையிலே தொடங்குவதில்லை என்பதை முதலில் கூறவேண்டும். அது வீடு நிற்கும் இடத்திலே தொடங்குகிறது. நீரின் அமுக்கம் உயரத்தைப் பொறுத்தது. நீர் நிலைகொண்டிருக்கும் தாங்கிக்கும் வீட்டுப் பைப்புக்கும் இடையே ஒவ்வொரு 10 மீற்றர் உயர வேறுபாட்டுக்கும் ஏறக்குறைய ஒரு பார் அமுக்கம் உண்டாகிறது. பார் என்பது அமுக்கத்தை அளக்கும் ஓர் அலகு. வளிமண்டலம் பூமியின் மேல் செலுத்தும் அமுக்கத்துக்குக் கிட்டத்தட்டச் சமமானது. சமதரை ஊரிலே எல்லா வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அமுக்கம் கிடைக்கலாம். மலையூரிலே தெருவுக்குத் தெரு, ஏன், படிக்குப் படி அது மாறும்.

மூன்று வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். முதல் வீடு ஆற்றை அடுத்த தாழ்ந்த தெருவிலே இருக்கிறது. அதற்கு நீர் வழங்கும் தாங்கி 60 மீற்றர் மேலே குன்றில் இருந்தால், குழாயிலே நீர் ஓடாமல் நிற்கும் வேளையில் அந்த வீட்டுப் பைப்பிலே 6 பார் அமுக்கம் இருக்கும். இரண்டாவது வீடு அதே தெருவின் மேட்டிலே, தாங்கியின் மட்டத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கே பொதுக்குழாய் நீர் சொட்டுச் சொட்டாக வருவதால் வீட்டார் கூரையின்மேல் தமக்கென ஒரு தாங்கி வைத்துக்கொள்கின்றனர். அத்தாங்கி இயந்திரத்துக்கு 4 மீற்றர் மேலே இருந்தால் கிடைப்பது 0.4 பார் மாத்திரமே. மூன்றாவது வீடு தோட்டத்திலே இருக்கிறது. மலையுச்சி ஊற்றிலிருந்து கறுப்புப் பிளாத்திக்குக் குழாய் வழியாக நேரே நீர் இறங்குகிறது. ஊற்று 40 மீற்றர் மேலே இருந்து, இடையிலே அமுக்கத்தைத் தணிக்கும் தொட்டி எதுவும் இல்லாவிட்டால், எல்லாப் பைப்புகளும் மூடியிருக்கும் நள்ளிரவில் அந்த எளிய வீட்டிலே 4 பார் அமுக்கம் நிற்கும். பகலிலே பல வீட்டார் ஒரே குழாயிலிருந்து நீர் எடுக்கும்போது அதன் வேகம் குறைந்திருப்பதைக் கண்டு, தமது வீட்டிலே அமுக்கமே இல்லை என்று அவர்கள் நம்பியிருக்கக்கூடும். ஹோஸ் நள்ளிரவிலே பிளப்பதன் மருமம் இதுதான். ஊர் உறங்கும்போது குழாய்களிலே நீர் ஓடுவதில்லை. ஆதலின் அமுக்கம் உச்சத்தை அடைகிறது.

நிற்கும் அமுக்கத்தோடு அடிக்கும் அமுக்கமும் ஒன்று உண்டு. இயந்திரம் நிரம்பியவுடன் அதன் மின் வால்வு சட்டென மூடுகிறது. விரைந்து வந்துகொண்டிருந்த நீர் முட்டுச் சுவரிலே மோதியது போல் நிற்கிறது. அப்பொழுது சுவருக்குள்ளே டக் என்று ஓர் ஒலி கேட்கும். ஆங்கிலேயர் இதை நீர்ச் சம்மட்டி என்ற பொருள்படும் பெயரால் வழங்குவர். ருஷ்ய அறிஞர் நிக்கொலாய் சுக்கோவ்ஸ்கி மொஸ்கோ நகரின் நீர்க்குழாய்களிலே இதனை ஆராய்ந்து 1898ஆம் ஆண்டில் தமது முடிவுகளை வெளியிட்டார். இரும்புக் குழாயிலே செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடும் நீர் திடீரென நிறுத்தப்பட்டால், ஒரு கணம் அமுக்கம் 10 பாருக்கும் மேலே எழலாம் என்பது அவருடைய கணக்கிலிருந்து பெறப்படுவது. ஹோஸ் நெகிழ்வானது என்பதால் அந்த அடியை ஓரளவு வாங்கித் தணிக்கிறது. ஒவ்வொரு சலவையிலும் பலமுறை வாங்குகிறது. நாள்தோறும் விழும் அந்தச் சிறு அடிகளே அதன் ஆயுளைத் தின்கின்றன.

ஹோஸின் வரலாறும் இதே பாடத்தைத்தான் போதிக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்ஸ்ரடாம் நகரிலே யான் வான் டெர் ஹெய்டன் என்ற ஓவியர், தீயணைக்கும் பணிக்காகத் தோலைத் தைத்துக் குழாய் செய்தார். தோல் கசியும், தையல் பிரியும். பின்னர் இறப்பர் வந்தது. 1839ஆம் ஆண்டிலே அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர், இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் ஒட்டாமலும் குளிரில் நொறுங்காமலும் உறுதிபெறும் என்று கண்டார். 1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவிலே நடப்பட்டன. இலங்கையின் இறப்பர்த் தொழில் அதிலிருந்தே முளைத்தது. எனினும் எத்துணை நல்ல இறப்பரானாலும் தனித்து நின்று அமுக்கத்தைத் தாங்காது. ஊதற்பை போல அது வீங்கும். வீங்காமல் இறுக்கிப் பிடிக்க ஒரு நெசவு வேண்டும். உள்ளே நீரைத் தடுக்கும் குழல், அதன்மேல் வலிமை தரும் நூல் வலை, அதன்மேல் பாதுகாக்கும் போர்வை என்ற மூன்றும் சேர்ந்ததே ஹோஸ். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.

கடையிலே கிடைக்கும் வகைகளை இந்த அறிவோடு நோக்கலாம். முதல் வகை, சாம்பல் நிறமான பீ.வீ.சீ. ஹோஸ். பெரும்பாலான இயந்திரங்களோடு வருவது இதுவே. உள்ளே நூல் வலை இருப்பின் மிதமான அமுக்கத்துக்கும் குளிர்ந்த நீருக்கும் இது போதும். காலப்போக்கில் பீ.வீ.சீ. தன் நெகிழ்வை இழந்து விறைத்துப்போகும். விறைத்தபின் வளைத்தால் வெடிக்கும். இரண்டாவது வகை, ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை இறப்பரால் ஆகிய கறுப்பு ஹோஸ். சூட்டையும், நகர நீரிலே கலந்துள்ள குளோரினையும், முதுமையையும் இது நன்கு தாங்கும். மூன்றாவது வகை, துருப்பிடியாத உருக்குக் கம்பியால் பின்னிய ஹோஸ். பார்ப்பதற்கு இரும்பு போல் மின்னுவதால் இதற்கு அழிவே இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். இதனுள்ளும் நீரைத் தாங்குவது இறப்பர்க் குழல்தான். கம்பிப் பின்னல் அது வீங்காமல் காப்பதால் அமுக்கம் மிகுந்த வீட்டுக்கு இது சிறந்ததே. ஆயினும் பின்னலும் பித்தளை முனையும் சேருமிடத்திலே, கம்பியைக் கவ்வியிருக்கும் வளையம் மெல்லியதாக இருந்தால் முனையே கழன்றுவிடும். குளோரின் கலந்த வெளுக்கும் திரவப் போத்தலை இயந்திரத்தின் பின்னால் வைத்தால், அதன் ஆவி பட்டு அந்தக் கம்பிகளும் அரிக்கப்படும்.

நான்காவது வகை ஒன்று உண்டு. ஒரு ஹோஸுக்கு மேல் இன்னொரு ஹோஸை உறையாகப் போட்டது அது. உள் ஹோஸ் பிளந்தால் நீர் உறைக்குள்ளே தேங்குகிறது. உடனே பைப்பின் பக்கத்து முனையிலுள்ள சிறு பொறி இயங்கி நீரை நிறுத்திவிடுகிறது. விலை கூடியது, ஆயினும் மேல்மாடியில் இயந்திரம் வைத்திருப்போரும், பகல் முழுதும் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குச் செல்வோரும் இதைக் கருத்திற் கொள்ளலாம். அதன் முனை பருமனாக இருக்கும் என்பதால், பைப்பைச் சுற்றி இடம் இருக்கிறதா என்று அளந்துகொண்டு வாங்கவேண்டும்.

எந்த வகையை வாங்கினாலும் அதன் உடலிலே அச்சிட்டிருப்பதை வாசிக்காமல் பணம் கொடுக்கக்கூடாது. நல்ல ஹோஸிலே வேலை செய்யும் அமுக்கம், தாங்கும் வெப்பநிலை, செய்த காலம் ஆகியவை எழுதியிருக்கும். ஐ.ஈ.சி. 61770 என்ற இலக்கம் இருந்தால் இன்னும் நல்லது. நீர்க்குழாயோடு இணைக்கும் மின் சாதனங்களுக்கென வகுத்த சர்வதேச நியமம் அது. ஹோஸ் பிளவாமல் இருப்பதையும், இயந்திரத்தின் அழுக்கு நீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பி உறிஞ்சப்படாமல் இருப்பதையும் அது கருதுகிறது. அமுக்கத்தைக் குறிக்கும் எண்களிலே ஓர் ஏமாற்றம் மறைந்திருக்கலாம். வேலை செய்யும் அமுக்கம் வேறு. வெடிக்கும் அமுக்கம் வேறு. பின்னையது எப்பொழுதும் பெரிய எண்ணாகவே இருக்கும். வெடிக்கும் அமுக்கத்தைப் பெரிதாக எழுதி, வேலை செய்யும் அமுக்கத்தை எழுதாமல் விட்ட பொருளை ஐயத்தோடு நோக்கவேண்டும். ஒன்றும் எழுதாத ஹோஸ் எத்துணை மலிவாயினும் வாங்கத்தக்கதன்று.

மேலே கூறிய மூன்று வீடுகளுக்கும் இனி விடை காணலாம். தாழ்ந்த தெருவிலுள்ள முதல் வீட்டுக்கு, 10 பார் வேலை அமுக்கம் குறித்த இறப்பர் ஹோஸோ நல்ல கம்பிப் பின்னல் ஹோஸோ பொருந்தும். பல இயந்திரங்கள் 8 அல்லது 10 பாருக்கு மேல் ஏற்பதில்லை. ஆகவே குழாய் வேலை அறிந்தவரைக் கொண்டு இரவிலே ஓர் அமுக்கமானியை வைத்துப் பார்த்து, அளவு மிகுந்திருந்தால் வீட்டுக்குள் நீர் நுழையும் இடத்திலே அமுக்கம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்துவது முழு வீட்டுக்குமே நன்மை தரும். கூரைத்தாங்கி உள்ள இரண்டாவது வீட்டுக்கு வெடிக்கும் அச்சம் குறைவு. அங்கே குறை வேறு. கைகழுவும் தொட்டிக்கென விற்கும் மெல்லிய கம்பி ஹோஸை மாட்டினால், அதன் உள்வழி ஒடுங்கியதாகையால் இயந்திரம் நிரம்ப நெடுநேரம் ஆகும். சில இயந்திரங்கள் நீர் இல்லையென்று நின்றேவிடும். உள்வழி அகன்ற, நீளம் குறைந்த ஹோஸே அந்த வீட்டுக்கு ஏற்றது. ஊற்றுநீர் பெறும் மூன்றாவது வீட்டுக்கு உறுதியான ஹோஸும் வேண்டும். நீரோடு வரும் மணலுக்கும் இலைத்தூளுக்கும் வடிகட்டியும் வேண்டும்.

வடிகட்டியைப் பற்றி இன்னும் ஒரு சொல். மலைநாட்டு நீர் பெரும்பாலும் மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்து நீரைப்போல் வெள்ளைப் படிவை அது மிகுதியாக விடுவதில்லை. ஆனால் கடும் மழைக்குப் பின்னர் ஓடைநீர் கலங்கி வரும். ஹோஸ் இயந்திரத்தோடு சேரும் வாயிலே ஒரு சிறு வலை இருக்கிறது. அதிலே சேறு அடைத்துக்கொண்டால் நீர் வரத்துக் குறைந்து, வால்வும் சரியாக மூடாமல் கசியும். மழைக்காலம் முடிந்ததும் பைப்பை மூடி, ஹோஸைக் கழற்றி, அந்த வலையை ஒரு பழைய பற்றூரிகையால் கழுவிவிட்டால் போதும்.

ஹோஸ் நடுவிலே பிளப்பதைக் காட்டிலும் முனையிலே கசிவதும் கழல்வதுமே மிகுதி. எனவே முனைகளிலே கண்ணைச் செலுத்தவேண்டும். இயந்திரத்தின் பக்கத்திலே வழக்கமாக முக்கால் அங்குலத் திருகு இருக்கும். வீட்டுப் பைப்போ பெரும்பாலும் அரை அங்குலம். இந்த வேறுபாட்டைச் சரிக்கட்ட, நான்கு திருகாணிகளால் பைப்பின் வாயைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் ஒரு பிளாத்திக்கு இணைப்பான் சில இயந்திரங்களோடு வருகிறது. அமுக்கம் குறைந்த வீட்டிலே அது நிற்கும். அமுக்கம் மிகுந்த வீட்டிலே, திருகாணிகள் சிறிது சிறிதாகத் தளர்ந்து, ஒருநாள் இணைப்பான் முழுவதும் தெறித்துவிடும். அங்கே முழு வேகத்தோடு நீர் பாயும். ஆதலின் இயந்திரத்துக்கென்றே முக்கால் அங்குலத் திருகுள்ள பைப் ஒன்றைச் சுவரிலே பொருத்திக்கொள்வது, நல்ல ஹோஸ் வாங்குவதைப் போலவே முக்கியமானது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ஹோஸை வெட்டி, கம்பியால் கட்டி, இயந்திரத்துக்குப் பயன்படுத்தும் பழக்கம் அறவே ஆகாது. அது ஒருமுனை திறந்தே ஓடும் நீருக்காகச் செய்யப்பட்டது. இரு முனையும் அடைத்து நிற்கும் அமுக்கத்துக்காக அன்று.

முனைக்குள்ளே ஒரு தட்டையான இறப்பர் வொஷர் இருக்கும். நீரைத் தடுப்பது அந்த வொஷரே. திருகின் மரைகள் அல்ல. அது இல்லாவிட்டாலோ, பழையதாய் நசுங்கியிருந்தாலோ, மரையின்மேல் எத்தனை சுற்று வெள்ளை நாடா சுற்றினாலும் கசிவு நிற்காது. முனையைக் கையால் இறுக்கியபின், குறட்டினால் ஏறக்குறைய கால் சுற்று இறுக்கினால் போதுமானது. வலிமையுள்ள மட்டும் முறுக்குவோர் வொஷரை அறுத்துவிடுகின்றனர். பிளாத்திக்கு முனையானால் உடைத்தும் விடுகின்றனர். ஹோஸின் நீளம் தாராளமாக இருக்கவேண்டும், இழுபட்டு நிற்கக்கூடாது. குறைந்த நீளத்தை ஈடுசெய்ய இரண்டு ஹோஸ்களை இணைப்பது, ஆபத்தான முனைகளை இரட்டிப்பதாகும். இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டத் தள்ளினால் ஹோஸ் மடிந்து, மடிந்த இடத்திலே வெடிக்கும். சுவருக்கும் இயந்திரத்துக்கும் இடையே ஒரு சாண் அளவில் இடம் விடுவது நன்று.

பொருத்தி முடிந்தபின் சோதனை செய்யாமல் இயந்திரத்தைத் தள்ளிவிடக்கூடாது. பைப்பை முழுதாகத் திறந்து, இரு முனைகளையும் துணியால் துடைத்து, பழைய பத்திரிகைத் தாளை அவற்றின் கீழே விரித்து வைக்கவேண்டும். சில மணித்தியாலம் கழித்துத் தாளிலே ஈரப் பொட்டு இருந்தால் கசிவு உண்டு. செக்கனுக்கு ஒரு துளி என்றால் யாரும் பெரிதாக எண்ணார். நாளொன்றிலே 86,400 செக்கன்கள் உள்ளன. இருபது துளி ஒரு மில்லிலீற்றர் என்று கொண்டால், அந்தக் கசிவு ஒருநாளில் நான்கு லீற்றருக்கும் மேலாகிறது. சிறு துளி பெருவெள்ளம் என்ற பழமொழியை இங்கே சேமிப்புக்கும் கொள்ளலாம், இழப்புக்கும் கொள்ளலாம்.

எந்த ஹோஸும் சாகாவரம் பெற்றதன்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பழுது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுவதே தகுந்தது என்பது இத்துறையிலே பொதுவாகக் கூறப்படும் அறிவுரை. மாட்டிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு சிறு தாளிலே எழுதி இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவைத்தால் மறதிக்கு இடமில்லை. இடையிலே ஆண்டுக்கு இரண்டு முறை, பைப்பை மூடிவிட்டுக் கையால் தடவிப் பார்க்கவேண்டும். கொப்புளம் போன்ற வீக்கம், முனையருகே வெடிப்பு, கம்பியிலே துருக்கறை, ஓரிடத்தில் மாத்திரம் விறைப்பு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதம் கூடாது. ஹோஸின் விலை இயந்திரத்தின் விலையிலே மிகச் சிறு பங்கு. நனைந்துபோன வீட்டின் செலவோடு அதை ஒப்பிடவே வேண்டியதில்லை.

ஒருகால் வெள்ளம் வந்தேவிட்டால் செய்யவேண்டிய ஒழுங்கு இது. ஈரத்தில் நிற்கும் இயந்திரத்தையோ அதன் மின்செருகியையோ தொடலாகாது. உலர்ந்த இடத்தில் நின்றபடி வீட்டின் பிரதான மின் சுவிட்சை அணைக்கவேண்டும். சுவிட்சுப் பலகை நனைந்த இடத்தில் இருந்தால், அதை நெருங்காமல் வெளியே வந்து மின் வேலை அறிந்தவரை அழைக்கவேண்டும். தண்ணீரை வீட்டுக்கு வெளியே, நீர்மானியருகிலுள்ள பிரதான வால்விலே நிறுத்தலாம். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டின் தலைவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது; பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கவேண்டும். மின்கசிவு நேர்ந்தவுடன் மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதை, அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி அவ்வப்போது பார்த்துவருவதும் கடமை.

இவ்வளவும் கூறியபின், எல்லாவற்றிலும் எளியதும் காசு செலவில்லாததுமான ஒரு காப்பு எஞ்சி நிற்கிறது. சலவை முடிந்தவுடன் சுவரிலுள்ள பைப்பை மூடிவிடுவதே அது. மூடிவிட்டால் 23 மணித்தியால அமுக்கம் ஹோஸை விட்டு நீங்குகிறது. பழுதான ஹோஸானாலும் அதனுள் எஞ்சிய சிறிதளவு நீர் மாத்திரமே வெளியேற முடியும். அந்தப் பைப் கைக்கெட்டும் இடத்திலே இருந்தால்தான் இப்பழக்கம் நிலைக்கும். இயந்திரத்தின் பின்னால் குனிந்து தேடவேண்டிய பைப்பை எவரும் நாள்தோறும் மூடமாட்டார். ஆகையால் புதிதாக வீடு கட்டுவோரும் குளியலறையைத் திருத்துவோரும், இயந்திரத்துக்குரிய பைப்பை அதன் மேல்விளிம்புக்கு மேலே, பக்கவாட்டில் வைக்கும்படி மேசனிடம் கூறிவிடவேண்டும்.

மலைநாட்டுப் பெண்கள் ஒரு காலத்தில் பீலியடியிலே வரிசை நின்று நீர் பிடித்தார்கள். இன்றும் அவ்வாறு நிற்கும் தோட்டங்கள் உண்டு. அத்தகைய நீர் வீட்டுக்குள்ளே வந்து, துணியையும் துவைத்துத் தருவது ஒரு குடும்பம் உழைத்துப் பெற்ற பேறு. அந்தப் பேற்றைக் காப்பது, வீட்டின் உயரத்துக்கேற்ற ஹோஸைத் தெரிந்தெடுப்பதிலும், அதன் இரு முனைகளைச் செவ்வையாகப் பொருத்துவதிலும், வேலை முடிந்ததும் பைப்பை மூடும் ஒரு சிறு கையசைவிலும் அடங்கியிருக்கிறது.